சேதாரம்

போன மார்கழியில் ஒரு நாள் காலை, சேலம் அஸ்தம்பட்டியில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் வண்டியின் பானெட்டைப் பார்த்தேன். கறுப்பு ஸ்விஃப்ட். பன்னிரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறது. சாய்ந்த வெயில் பானெட்டில் விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு சிலந்தி வலை பின்னிக் கிடந்தது. நான் ஒரு எட்டு நகர்ந்தேன், வலையும் கூடவே நகர்ந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் வாட்டர் வாஷ் விட்டு எடுத்து வந்திருந்தேன். வண்டியில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அழுக்கு போனதால்தான் அந்த வலை கண்ணில் பட்டது.

வீட்டில் நாலு வருடம் புழங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள், இதே வலை தெரியும். தட்டில் கீறல்கள் வட்டமாக ஓடவில்லை. நாலா பக்கமும் தாறுமாறாகத்தான் ஓடுகின்றன. ஒளி விழும் புள்ளிக்குக் குறுக்கே கிடக்கிற கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி விடுகின்றன. மற்றவை தெரியாமலே இருந்துவிடுகின்றன. எங்கே நின்று பார்த்தாலும் ஒளியைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிவது அதனால்தான். அப்படியென்றால் அன்று நான் பார்த்தது இருக்கிற கீறல்களில் கொஞ்சத்தைத்தான். இது பிறகு புரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது.

கீறல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பதில் வீட்டு வாசலிலேயே இருந்தது. அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து காலை ஆறு மணிக்குப் பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைத் துடைப்பார். தண்ணீர் இல்லாமல், உலர்ந்த துணியால். மழை நாள் தவிர ஒரு நாளும் தவறியதில்லை. துணி மேல் குற்றமில்லை. இரவெல்லாம் வண்டியின்மேல் படிந்த புழுதியை அந்தத் துணி இழுத்துக்கொண்டு ஓடுகிறது, அதுதான் விஷயம். எங்கள் ஊர்ப் புழுதி என்றதும் பலரும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், தூசியைத்தான் சொல்வார்கள். ரயில் நிலையம் ஒன்றுக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர் இருக்கிற ஊர் இது. கருப்பூர் பக்கம் போய் வந்தால் டயர் ஓரம் வெளுத்திருக்கும். ஆனால் மேக்னசைட் அவ்வளவு கடினமான கல் இல்லை. கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் 4-ஐ ஒட்டி நிற்கும். சாதாரண மணலில் இருக்கும் குவார்ட்ஸ் அதே அளவுகோலில் 7. பெயிண்ட்டின் மேலடுக்கு இவை இரண்டையும்விட மிருதுவானது. தெருப்புழுதியில் குவார்ட்ஸ் இல்லாத ஊர் ஏது?

வாட்டர் வாஷ் இடங்களும் ஒரு காரணம். ஓர் இடத்தில், சக்கரத்தைத் துடைத்த துணியை வாளியில் ஒரு முக்கு முக்கிவிட்டு அப்படியே பானெட்டுக்குக் கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு நாளைக்கு முப்பது வண்டி பார்க்கிற பையன் அவர். வண்டிக்கு ஒரு துணி என்று அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

மெஷின் வைத்துப் பாலிஷ் போட விசாரித்தேன். கோட்டிங்கையும் சேர்த்துச் சொன்ன தொகை என் மாதச் சம்பளத்தில் பாதியைத் தொட்டது. சரி, கையாலேயே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். செய்வதற்கு முன்னால் மாமாவைப் போய்ப் பார்த்ததுதான் இந்த விஷயத்தில் நான் செய்த நல்ல காரியம்.

மாமா, அம்மாவின் தம்பி. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சின்ன வயதில் லீவு விட்டால் அங்கேதான் இருப்பேன். கம்பி இழுக்கிற சத்தமும் பற்றவைக்கிற வாசனையும் இப்போதும் நினைவில் இருக்கின்றன. கையால் பாலிஷ் போடப் போகிறேன் என்றதும் அவர் கேட்டார்.

"மாப்ள, மெருகுன்னா என்னன்னு நெனச்ச? மேல எதையோ பூசறதுன்னா?"

"அப்படித்தாங்க மாமா நெனச்சிட்டிருந்தேன்."

பாலிஷுக்குப் போக வேண்டிய ஒரு ஜோடிக் கொலுசைத் தராசில் வைத்து எண்ணைப் பார்க்கச் சொன்னார். அது போய்த் திரும்பி வந்ததும் மறுபடி வைத்தார். கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. எண் மட்டும் குறைந்திருந்தது.

"கொறஞ்சது எங்க போச்சு? பளபளப்பா மாறிடுச்சு. இதுக்குத்தான் சேதாரம்னு கணக்கு வெக்கிறோம்."

நகைக்கடை ரசீதில் செய்கூலி, சேதாரம் என்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கடைக்காரர் வைக்கிற ஒரு கூடுதல் செலவு என்பதைத் தாண்டி அந்தச் சொல்லை யோசித்ததில்லை. மேடும் பள்ளமுமாக இருக்கிற பரப்பில் மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டு வந்தால் அது பளபளக்கும். வெள்ளிக்கும் அதே கதைதான், பெயிண்ட்டுக்கும் அதே கதைதான். மாமா பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட வெளியே கொட்ட மாட்டார், அதில் வெள்ளித்தூள் இருக்கிறது, உருக்கி மீட்டுவிடலாம். வண்டியிலிருந்து தேய்த்து எடுத்ததை மீட்க வழி கிடையாது.

எவ்வளவு இருக்கிறது எடுப்பதற்கு? தகட்டின்மேல் துருப் பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவு. கிளியர் கோட் மட்டும் என்றால் 40 மைக்ரானைச் சுற்றி, அதாவது முடியில் பாதிக்குக் கொஞ்சம் கூட. அந்தப் பாதி முடிதான் சேலத்து வெயிலை நிறத்துக்குள் இறங்காமல் தடுத்துக்கொண்டு நிற்கிறது. வலை மாதிரித் தெரியும் கீறல்கள் அதில் ஓரிரு மைக்ரான், சில இடங்களில் அதற்கும் கொஞ்சம் மேலே. பழைய வண்டிகள் சிலவற்றில், முக்கியமாகச் சிவப்பிலும் வெள்ளையிலும், கிளியர் கோட்டே கிடையாது. தேய்த்தால் துணியில் நிறமே வரும். துணியில் நிறம் வந்தால் பதறாதீர்கள், ஆனால் எந்த வகை பெயிண்ட் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கிளியர் கோட் இருக்கிற வண்டியில் நிறம் வந்தால் அந்த இடத்தில் வேலை முடிந்தது, பெயிண்ட் அடிக்கத்தான் போக வேண்டும்.

பெயிண்ட்டின் தடிமனை அளக்கிற கருவி இருக்கிறது, என்னிடம் இல்லை. அதனால் எனக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். நகம் சிக்குகிற கீறலைத் தொடுவதில்லை. விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். தடுக்காமல் போனால் பாலிஷில் போகும் அல்லது மங்கும். தடுத்தால் அது ஆழம். அதை மறைக்கப் போனால் சுற்றியுள்ள நல்ல இடத்தையெல்லாம் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டியிருக்கும்.

கழுவுவதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, ஏனென்றால் வேலையில் முக்கால் பங்கு அதுதான் என்று இப்போது நம்புகிறேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் நல்ல உப்பு. வண்டிமேல் காய்ந்தால் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை நிற்கும். கால்சியமும் மெக்னீசியமும்தான், தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அவை போகாது. மேட்டூர் தண்ணீரோ குடிக்கிற தண்ணீர், குழாயில் வருகிற நாளில் பிடித்து வைக்கிறோம். அதை வண்டிக்கு ஊற்றுவதை அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்ளவும் கூடாது. கடைசியில் பேச்சுவார்த்தையில் ஒரு வாளி கிடைத்தது. கழுவுவதெல்லாம் போர் தண்ணீரில், கடைசி அலசல் மட்டும் அந்த ஒரு வாளியில். அதையும் மேலிருந்து கவிழ்க்காமல் செடிக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயரில் நிரப்பி அடித்தேன், பாதி வாளி மிச்சமே ஆனது. ஏற்கெனவே நின்றுபோன கறைக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி எடுத்து உடனே அலசினேன். பெரும்பாலும் போய்விட்டது. போகாதவை பெயிண்ட்டை அரித்துவிட்ட கறைகள், அவை பாலிஷுக்குக் காத்திருந்தன.

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். துணி வண்டியைத் தொட்டுவிட்டு வந்தால் முதலில் வெறும் தண்ணீரில் அலசிப் புழுதியை விட வேண்டும், பிறகுதான் ஷாம்பு வாளிக்குள் போக வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும், ஏனென்றால் கதவின் அடிப்பகுதியில்தான் மணல் அதிகம். சக்கரத்துக்குத் தனித் துணி. துடைக்கும் முன்னால் இரண்டு நிமிடம் வெறும் தண்ணீரால் அடித்து, உதிர்கிற மணலை உதிர விட வேண்டும். இவ்வளவுதான். முதல் வாரம் கழுவி முடித்து, வெறும் தண்ணீர் வாளியின் அடியில் கை விட்டுப் பார்த்தேன். ஒரு பிடி மணல். ஒரே வாளியாக இருந்திருந்தால் அந்தப் பிடி மணல் திரும்பத் திரும்ப வண்டிமேல் ஏறியிருக்கும்.

கழுவிய பிறகும் பெயிண்ட் வழவழப்பாக இருக்காது. ஒரு மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள், வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும். எங்கள் வண்டி அதிகம் ஏற்காடு போகிற வண்டி. தங்கையைக் கட்டிக் கொடுத்தது அங்கேதான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும்போது பிரேக் தேய்ந்து பறக்கிற இரும்புத் துகள்கள் சூட்டோடு பெயிண்ட்டில் குத்தி நின்றுவிடுகின்றன. இரும்பைக் கரைக்கிற ஒரு ஸ்பிரே விற்கிறது. அடித்த கொஞ்ச நேரத்தில் கறுப்பு பெயிண்ட்டின்மேல் ஊதா நிறம் வழிந்தது. அழுகிய முட்டை நாற்றம். சக்கரத்தை ஒட்டிய பகுதிகளில்தான் அதிகம். அன்றிலிருந்து ஏற்காட்டிலிருந்து இரண்டாவது கியரில் இறங்குகிறேன். பிரேக்குக்கு நல்லது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்காதவன், அந்த ஊதாவைப் பார்த்த பிறகு கேட்டுக்கொண்டேன்.

அதற்கடுத்து, வண்டி பெயிண்ட்டுக்கென்றே விற்கிற களிமண் கட்டி. சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீர் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேராக ஓட்ட வேண்டும். முதலில் கரகரவென்று இழுக்கும். நாலைந்து ஓட்டத்தில் சத்தம் அடங்கிவிடும். அந்தச் சத்தம் அடங்குகிற கணம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மண் ஒட்டிய கட்டி உப்புத்தாள்தான். எனக்கு ஒரு தடவை விழுந்தது. விலையை நினைத்து, கழுவிவிட்டுத் திரும்பவும் உபயோகித்தேன். முன் ஃபெண்டரில் சாண் நீளத்துக்கு மூன்று கோடுகள் விழுந்தன. அவற்றை எடுக்கப் பின்னால் ஒரு மணி நேரம் ஆனது.

மூன்றாவது ஞாயிறு செய்த தவறு அதைவிடப் பெரியது. பொங்கல் கழிந்த வாரம், வெயில் இதமாகத்தானே இருக்கிறது என்று வாசலில் நிறுத்தி, பனியன் துணியில் ரப்பிங் காம்பவுண்ட்டை எடுத்து, பானெட்டில் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கறுப்புத் தகடு இதமான வெயிலிலும் கை வைக்க முடியாத அளவு சுடும். காம்பவுண்ட் இரண்டே நிமிடத்தில் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. துடைத்துப் பார்த்தால் பழைய வலை போய், அந்த இடம் முழுக்கப் பனி மூடிய கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது. அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. பன்னிரண்டு வருடம் அப்பா கட்டிக் காத்த வண்டியை ஒரே மத்தியானத்தில் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கெடவில்லை. காம்பவுண்ட் என்பது மிக நுண்ணிய அரைப்பான்கள் கலந்த களிம்பு. பெரும்பாலானவற்றில் அலுமினியம் ஆக்ஸைடு இருக்கும். பெரிய கீறலை எடுத்துவிட்டுத் தன் பங்குக்குச் சின்னக் கீறல்களை விட்டுவிட்டுத்தான் போகும். அந்தச் சின்னக் கீறல்களை எடுக்க அதைவிட நுண்ணிய பாலிஷ் அடுத்து வர வேண்டும். மாமா பட்டறையிலும் ஒரே தேய்ப்பில் எதுவும் முடிவதில்லை. நான் அவசரப்பட்டு முதல் படியிலேயே நின்றுகொண்டு அழுதிருக்கிறேன்.

அடுத்த வாரம் காலை ஐந்தரைக்கே ஆரம்பித்தேன். வண்டியை வீட்டின் மேற்குப் பக்க நிழலில் நிறுத்தி, கதவு ஓரங்களிலும் பானெட்டின் மடிப்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். மடிப்பு விளிம்புகளில் பெயிண்ட் எப்போதும் மெல்லியது, தேய்த்தால் முதலில் போவது அங்கேதான். கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளிலும் ஒட்டினேன். அங்கே பாலிஷ் பட்டு வெள்ளையாகக் காய்ந்தால் லேசில் போகாது. துணியை விட்டுவிட்டு, உள்ளங்கை அகல ஸ்பாஞ்ச் வில்லை வாங்கியிருந்தேன். துணியில் நம் ஐந்து விரல்களும் ஐந்து இடத்தில் அழுத்தும், ஸ்பாஞ்ச் அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடம். பட்டாணி அளவில் மூன்று பொட்டு. முதலில் நீளவாக்கில் நேர்கோடு, பிறகு குறுக்குவாக்கில் நேர்கோடு. வட்டம் வேண்டாம். நேர்கோட்டில் கீறல் ஏதாவது மிஞ்சினாலும் ஓரிரு கோணத்திலிருந்துதான் தெரியும். ஆரம்பத்தில் நன்றாக அழுத்தி, களிம்பு மெலிந்து கண்ணாடி மாதிரி ஆகும்போது கையை லேசாக்கிக்கொண்டே வர வேண்டும். துடைத்துவிட்டு செல்போன் டார்ச்சை அடித்துப் பார்க்க வேண்டும். போதுமென்றால் போதும், அடுத்த இடம்.

ஒரு பானெட்டுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது எனக்கு. தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. மெஷின் இதைவிடச் சீராகவும் வேகமாகவும் செய்யும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்குக் கையில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கை களைத்துவிடும். களைப்பதால் நின்றுவிடுவோம். ஒரே இடத்தில் சூடேறி கிளியர் கோட்டைத் தாண்டிப் போகிற ஆபத்து கையில் ரொம்பக் குறைவு. ஒவ்வோர் அடிக்கும் டார்ச் அடித்துப் பார்ப்பதால் வண்டியை முதல்முறையாகத் தெரிந்துகொள்ளவும் செய்தேன். வலப்பக்கப் பின்கதவு ஒரு தடவை டிங்கரிங் போய்ப் பட்டி வைத்து அடித்தது. அதன் பெயிண்ட் மற்ற கதவுகளைவிடச் சீக்கிரம் மசிந்தது. எவ்வளவு அடித்திருப்பார்கள் என்று தெரியாததால் அங்கே காம்பவுண்ட் தொடவில்லை, பாலிஷோடு விட்டுவிட்டேன். கூரையின் பின்பக்கம் நாவல் மரத்தடியில் நின்றபோது விழுந்த எச்சத்தின் தடங்கள். இடப்பக்க முன்கதவில், ஏற்காட்டில் எஸ்டேட் பாதையில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கும்போது உண்ணிச்செடி கிழித்த நீளக்கோடு. நகம் சிக்கியது. விட்டுவிட்டேன்.

எல்லா வலையும் போகவில்லை. முக்கால் பங்கு போயிருக்கும் என்று சொல்வேன். மீதியை எடுக்க இன்னும் இரண்டு முறை போயிருக்கலாம், கையும் துறுதுறுவென்றுதான் இருந்தது. மாமா வந்து பார்த்தார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, கொலுசைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். இடப்பக்கக் கதவின் கோட்டில் நகத்தை ஓட்டினார்.

"இத ஏன் மாப்ள விட்ட?"

"நகம் நிக்குதுங்க மாமா."

"சரி," என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பட்டறைப் பையன்களிடம் அந்தச் "சரி"யைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

மெழுகு கடைசி வேலை, எளிதான வேலை. கார்னாபா மெழுகு என்பது பிரேசில் நாட்டில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. அந்த ஓலை தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள மேலே பூசிக்கொள்கிற மெழுகு அது, உருகுவதற்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும். மெல்லிசாகப் பூச வேண்டும், அவ்வளவுதான். தடிமனாகப் பூசினால் துடைக்கிற வேலைதான் கூடும். சேலம் வெயிலில் எனக்கு ஒன்றரை மாதம் தாங்குகிறது. மெழுகுதான் மேலே பூசுவது. தேய்வதற்கு அதுதான் முன்னால் நிற்கிறது, பாதி முடி அதன் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

மெழுகு போட்ட வாரம் எல்லோருமாகத் தங்கை வீட்டுக்குப் போனோம். கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வரை வெயில். பதினைந்தாவது வளைவில் மேகம் இறங்கி வண்டிமேல் ஊர்ந்தது. பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, வளைவில் திரும்பும்போது எல்லா முத்துகளும் ஒரே பக்கமாக உருண்டு ஓடின. பக்கத்து சீட்டில் அப்பா. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பனியன் துணியைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது என்பது ஐந்து வாரமாக எனக்குள் இருந்தது. நேராகச் சொன்னால் பன்னிரண்டு வருடக் காலைகளை வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். வீடு திரும்பியதும் இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளையும் கை ஸ்பிரேயரையும் அவர் பனியன் துணி வைக்கிற ஆணியிலேயே மாட்டி வைத்தேன். "தண்ணி அடிச்சுட்டுத் தொடச்சா நல்லா இருக்கும்ங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் துணிகள் அப்படியே தொங்கின.

மூன்றாவது நாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது பின்கட்டுக்கு வந்தார்.

"தம்பி, காக்கா ஒண்ணு டிக்கி மேல பண்ணி வெச்சிருக்கு. நான் தேய்க்கல. தண்ணி அடிச்சு, ஈரத்துணி போத்தி விட்டிருக்கேன், ஊறட்டும். எவ்வளவு நேரம் விடணும்?"

"பத்து நிமிஷம் போதுங்கப்பா."

வாசல் திண்ணையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.